மலையகத்துத் தோட்டப் பாதைகளுக்கு 29 அங்குல ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் சரிவருமா?

கேட்டவர் ஐந்தடி மூன்றங்குல உயரம். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஓட்ட 29 அங்குலச் சக்கரமும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷனும் உள்ள மவுண்டன் பைக் வாங்கலாமா, முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள 26 அங்குலமே போதுமா என்பது கேள்வி.

லிப்டன் சீட் என்ற மலைக்காட்சி முனை வரை தார் ரோட்டில் ஏறி இறங்குவதுதான் எண்ணம் என்றால் அவ்வளவு காசு செலவழிக்க வேண்டாம். தேயிலை நிரைகளுக்குள் புகுந்து, கல் பதித்த பழைய பாதைகளில் இறங்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

முதல் காரணம் கான். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி மலைச்சரிவுக்குக் குறுக்கே வெட்டியிருப்பார்களே, அதுதான். பாதை கானைக் கடக்கும் இடத்தில் சில இடங்களில் பலகைக்கல் இருக்கும், பல இடங்களில் இருக்காது. சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி எதிர்க்கரைக் கல்லில் முட்டி நின்றுவிடும். சைக்கிள் நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 26க்கு 559 மில்லிமீட்டர், 29க்கு 622. வித்தியாசம் 63 மில்லிமீட்டர்தான் என்றாலும், பெரிய சக்கரம் கல்லின் விளிம்பைத் தட்டையான கோணத்தில் தொடுவதால் முட்டாமல் ஏறிவிடுகிறது. சவுக்கு மர வேர்களிலும் இதே கதைதான்.

ஆனால் சக்கரம் வேலை செய்ய நீங்கள் விட வேண்டும். வேகத்தைக் கானுக்கு நாலைந்து அடி முன்னாலேயே குறைத்து முடித்து, இறங்கும் நொடியில் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினால், முன் சக்கரத்தைத் தாங்கி அமுங்கும் ஃபோர்க் ஏற்கெனவே பாதி அமுங்கியிருக்கும், கல் வரும்போது அமுங்க மிச்சம் இருக்காது. முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க, பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

பின் சஸ்பென்ஷனைப் பலர் இடுப்பு வலிக்காமல் இருக்கத்தான் என்று நினைக்கிறார்கள். எனக்கு அது பிடிமானத்துக்கான சாமான். பாசி பிடித்த ஈரக்கல்லில் பின் சக்கரம் துள்ளாமல் தரையோடு ஒட்டியிருந்தால்தான் பிரேக்கும் பிடிக்கும், பெடலும் ஏறும். அதற்கு ஷொக்கில், அதாவது பின்னால் அமுங்கி எழும் குழாயில், காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். ஹெல்மெட், பை எல்லாம் போட்டுக்கொண்டு, ஷொக் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் வாயில் இருக்கும் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டு, மெதுவாக உட்கார்ந்து குதிக்காமல் இறங்குங்கள். ஷொக் மொத்தமாக 50 மில்லிமீட்டர் அமுங்கும் என்றால் வளையம் 14, 15 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். முன் ஃபோர்க்குக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்பி மேலே வரும் வேகம். அது மெதுவாக இருந்தால் கற்படிகளில் தொடர்ந்து இறங்கும்போது ஷொக் மேலே வர நேரமில்லாமல் அமுங்கியே கிடக்கும்.

டயரை டியூப்லெஸ்ஸாக மாற்றிவிடுங்கள். அறுபது கிலோ ஆளுக்கு முன்னால் 20, 21 பி.எஸ்.ஐ., பின்னால் 23, 24 என்று தொடங்கிப் பாருங்கள். பெற்றோல் செட்டில் கல்லு மாதிரி அடித்துவிட்டு வந்தால் இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய சஸ்பென்ஷன் வீண்.

பெரிய சக்கரம் கஷ்டப்படுத்துவது கொண்டை ஊசி வளைவில். கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்குகிறவர்களின் கால் போட்ட குறுக்குப் பாதைகள் சைக்கிளுக்காக வளைந்தவை அல்ல. அகலமாக நுழைந்து, வளைவின் முடிவைப் பார்த்தபடி திரும்புங்கள். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அந்தப் பாதைகளில் ஓட்டவே வேண்டாம், முதுகில் பாரத்தோடு வருகிறவர் உங்களுக்காக ஒதுங்கக் கூடாது. தோட்டத்துக்குள் போக ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் உயரம்தான் நான் யோசிக்கும் விஷயம். 2017இல் மலைச்சரிவில் இறங்கி ஓட்டும் உலகக் கிண்ண டவுன்ஹில் போட்டிகளுக்கே 29 வந்தது. அந்த வருடம் ஸ்கொட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் தென்னாபிரிக்க வீரர் கிரெக் மின்னார் அதில்தான் வென்றார். அவர் ஆறடியைத் தாண்டியவர். நம் உயரத்துக்குச் செங்குத்தில் இடுப்பைப் பின்னே தள்ளும்போது பின் டயர் வந்து உரசும். முன்னால் 29, பின்னால் 27.5 என்ற கலப்பு இதைத் தீர்க்கிறது. 2019இல் போட்டிகளிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் கலப்புக்கென்றே செய்த ஃபிரேமாகப் பாருங்கள். 29க்கான ஃபிரேமில் சின்னச் சக்கரத்தை மாட்டினால் பெடல் தாழ்ந்து கல்லில் இடிக்கும்.

ஈரச் சேற்றில் ஆர்கானிக் பிரேக் பேட் சீக்கிரம் கரைந்துவிடும், மெட்டல் பேட் போடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மழையில் ஊறிக் கிடக்கும்போது உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். மார்கழி மழையில் நிலைமை தலைகீழ். அட்டை எந்தப் பக்கமும் விடாது.

பழையதாக வாங்கினால் ஒரு கையால் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பின் சக்கரம் எழுவதற்கு முன் சீட் மட்டும் கொஞ்சம் ஆடி எழுந்தால் இணைப்புப் பேரிங்கோ ஷொக்கின் புஷ்ஷோ தேய்ந்துவிட்டது. ஷொக் தண்டில் கீறல் இருந்தால் விலையைக் கேட்கவே வேண்டாம், அந்தச் சீலும் தண்டும் நம் மலைக் கடைகளில் எனக்குக் கிடைத்ததில்லை.