மூட்டைக்குள்ளேயே இறுகும் பொடிகள்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: விரைவில் இறுகும் சிமென்ட், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவற்றின் மூட்டையைப் பிரித்துச் சிறிது எடுத்தால், மீதி விரைவிலேயே கெட்டுவிடுகிறது. நீண்ட நாள் வைத்திருப்பது எப்படி?

பதில்: இவற்றைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம்தான். தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் இறுகும்படி தயாரிக்கப்பட்ட பொடி, மூட்டைக்குள் நுழையும் நீராவியோடும் அதே வினையை மெதுவாக நடத்திக்கொண்டேயிருக்கும். நுண்மையான பொடியில் ஈரம் படும் பரப்பு அதிகம் என்பதால் பாதிப்பும் அதிகம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு விசித்திரம் உண்டு: ஈரத்தால் ஆங்காங்கே உருவான ஜிப்சம் (பொடி நீரோடு சேர்ந்து இறுகிய பொருள்) துணுக்குகள் புதிய படிகங்களுக்கு விதையாகி, எதிர்பார்த்ததற்கு முன்பே கலவையை இறுக்கிவிடக்கூடும். சிட்ரிக் அமிலம் அந்த வேகத்தைத் தணிக்கும். ஆனால் கெட்டுப்போன பொடியை அது மீட்காது.

ஆகவே, பிரித்த மூட்டையின் வாயைச் சணலால் கட்டுவது போதாது. மீதியைத் தடித்த பாலித்தீன் பையிலிட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ரப்பர் வளையமுள்ள மூடியோடு கூடிய உலர்ந்த வாளியில் வைத்து, பிரித்த தேதியை மேலே எழுதுங்கள். பிரிக்காத மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல் பலகை மீது அடுக்கி, பழையதை முதலில் எடுங்கள். சிறிய பொதிகளாக வாங்குவதே என் முதல் பரிந்துரை.

கேள்வி: கட்டி தட்டியதைச் சலித்துப் பயன்படுத்தலாமா?

பதில்: விரலால் லேசாக அழுத்தியதும் பொடியாக உதிர்ந்தால், அது அடுக்கின் பாரத்தால் இறுகியதாக இருக்கலாம், கைப்பிடியளவு கலந்து, இறுகும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உதிராத கட்டி ஏற்கெனவே வினை முடிந்தது. சலித்தெடுத்த மீதியும் ஈரம் கண்டதே என்பதால், பாரம் தாங்கும் வேலைக்கு அது வேண்டாம்.