ஐம்பது கம்பெனி, ஐந்து வருடம், ஒரு ரிக்ரெஷன்

கம்பெனிச் சட்ட ஆய்வு பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எல்.எல்.எம்., எம்.காம்., பிஎச்.டி. ஆய்வாளர்கள் எழுதியவை. பொதுவாகப் பயன்படக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கம்பெனி சட்டம் 2013-இன் தாக்கத்தை ஆராய்கிறேன். 2013-க்கு முன், 2013-க்குப் பின் என்று பிரித்துக்கொள்ளலாமா? (ஆய்வு மாணவர், மதுரை)

கூடாது. சட்டத்துக்கு ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது 2013 ஆகஸ்டில். செப்டம்பரில் சுமார் நூறு பிரிவுகள் அமலுக்கு வந்தன. பெரும்பகுதி 2014 ஏப்ரல் 1-இல் வந்தது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் 2016 ஜூனில்தான் செயல்படத் தொடங்கியது. நீங்கள் ஆராயும் பிரிவு என்றைக்கு அமலுக்கு வந்தது என்று அரசிதழைத் திறந்து பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் அதே கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

கேள்வி: சட்டப் பிரிவுகளை அப்படியே எடுத்து எழுதியதால் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஒப்புமை 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பிரிவுகளை என் சொந்த நடையில் மாற்றி எழுதட்டுமா? (பிஎச்.டி. மாணவி, கோவை)

தயவுசெய்து வேண்டாம். சட்ட வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறிவிடும். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளில் 10 சதவீத ஒப்புமை வரை தண்டனை இல்லை; அந்தக் கணக்கிலிருந்து சட்ட வாசகங்களை விலக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கைடிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம்) பற்றி ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு சொல்லவும். அவசரம். (பெயர், ஊர் இல்லை)

எதைப் படித்தீர்கள், எது புரியவில்லை, எது உறுத்தியது என்று ஒரு வரிகூட இல்லை. செபியின் உத்தரவுகள் அதன் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உள்பேர வணிகம் (வெளியாகாத தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பது) குறித்த பத்து உத்தரவுகளை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள், அப்போது பேசலாம்.

கேள்வி: நிஃப்டி 50 (தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளின் பட்டியல்) கம்பெனிகளின் ஐந்து வருட டேட்டாவில், சுயேச்சை இயக்குநர்களின் (நிர்வாகத்தோடும் உரிமையாளரோடும் தொடர்பில்லாதவர்கள்) சதவீதத்தையும் ஆர்.ஓ.ஏ.வையும் (சொத்தோடு ஒப்பிட்ட லாப விகிதம்) வைத்து ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது மற்றது எப்படி மாறுகிறது என்ற புள்ளியியல் கணக்கு) போட்டேன். தொடர்பு பாசிட்டிவ், சிக்னிஃபிகன்ட் (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதது). ‘சுயேச்சை இயக்குநர்கள் லாபத்தை உயர்த்துகிறார்கள்’ என்று முடிவுரை எழுதலாமா? (பிஎச்.டி. மாணவி, திருச்சி)

எழுதக் கூடாது. இந்தத் தலைப்பில் தீசிஸ்கள் வந்து குவிகின்றன. வருடம் மாறுகிறது, சாஃப்ட்வேர் மாறுகிறது, உள்ளே இருக்கும் அட்டவணை மட்டும் மாறுவதில்லை. இயக்குநர் குழு ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது என்பது சிறு முதலீட்டாளரின் பணம் சம்பந்தப்பட்ட விஷயம். அதை இப்படி வீணாக்குவதைப் பார்க்க எனக்கு மனது பொறுப்பதில்லை.

இன்றைய நிஃப்டி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், தாக்குப்பிடித்த கம்பெனிகள் மட்டுமே உங்கள் கண்ணில் படும். ஐதராபாத்தின் ஐ.டி. கம்பெனியான சத்யம் நிஃப்டியில் இருந்த கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் செய்த மோசடியை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். சில நாட்களில் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிந்தைய பட்டியலை எடுத்தவருக்கு, 7,000 கோடி ரூபாய் மோசடி நடந்த தடமே தெரியாது. எந்த ஆண்டை ஆராய்கிறீர்களோ அந்த ஆண்டின் பட்டியலை எடுங்கள்.

அடுத்து அந்தச் சதவீதம். கம்பெனி சட்டம் பிரிவு 149-இன்படி லிஸ்டட் கம்பெனியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும். குழுத் தலைவர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவராகவோ புரொமோட்டர் (கம்பெனியைக் கட்டுப்படுத்தும் நிறுவனர்) தரப்பைச் சேர்ந்தவராகவோ இருந்தால் செபி விதிப்படி பாதி வேண்டும். ஆக, நீங்கள் அளந்ததில் பெரும்பகுதி, தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத்தான். போதாததற்கு, நன்றாக ஓடும் கம்பெனி கூப்பிட்டால் பெயர் பெற்றவர்கள் தயங்காமல் வருவார்கள். லாபத்தால் அவர்கள் வந்தார்களா, அவர்களால் லாபம் வந்ததா? உங்கள் அட்டவணையில் இதற்குப் பதில் இல்லை.

மறுபடியும் சத்யத்துக்கே வருகிறேன். 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்துக்குத் தொடர்புள்ள இரண்டு மேடாஸ் நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு சம்மதித்தது. சதவீதப்படி அந்தக் குழுவில் குறையே சொல்ல முடியாது. ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஒருவர்கூட அதில் இருந்தார். ஆனால் தடுத்து நிறுத்தியது முதலீட்டாளர்கள்தான். அவர்கள் கொதித்தெழுந்ததும் சில மணி நேரத்தில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருந்தால் ராஜினாமா கடிதங்களை எடுங்கள். லிஸ்டட் கம்பெனியின் சுயேச்சை இயக்குநர் விலகினால், ஏழு நாளுக்குள் காரணத்தைப் பங்குச் சந்தைக்குச் சொல்ல வேண்டும். சொன்னதைத் தவிர வேறு முக்கியக் காரணம் இல்லை என்ற உறுதியும் வேண்டும். ‘சொந்தக் காரணங்கள்’ என்ற இரண்டு சொல்லோடு நிற்கும் கடிதங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஆறு மாதத்தில் ஆடிட்டர் விலகினாரா, காலாண்டு முடிவு தாமதமானதா, புரொமோட்டர் பங்கு அடமானம் ஏறியதா என்று பாருங்கள். இருநூறு கடிதம் படித்தாலே, இதுவரை போட்ட ரிக்ரெஷன் எல்லாவற்றையும்விட அதிகம் தெரியவரும்.

கேள்வி: திவால் சட்டத்தில் வங்கிகளுக்குக் கடனில் மூன்றில் ஒரு பங்குதான் திரும்புகிறது. சட்டம் தோற்றுவிட்டது என்று சொல்லலாமா? (வங்கி அதிகாரி, சென்னை)

எதோடு ஒப்பிட்டு? கோரிய தொகையோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு. கம்பெனியைக் கலைத்து விற்றால் கிடைக்கக்கூடிய மதிப்போடு ஒப்பிட்டால் நூறு சதவீதத்துக்கு வெகுவாக மேலே. திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ.யின் காலாண்டு இதழில் இரண்டு கணக்கும் இருக்கின்றன. தீர்ப்பாயத்துக்கு வந்த கம்பெனிகளில் பல, ஏற்கெனவே பூட்டிக் கிடந்தவை என்பதையும் மறக்க வேண்டாம். சராசரியை நம்பாதீர்கள்: எஸ்ஸார் ஸ்டீல் ஒன்றிலேயே 42,000 கோடி வந்தது. அந்த ஒரு வழக்கைச் சேர்த்தும் நீக்கியும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) செலவு செய்யாத கம்பெனிகள் 2015 முதலே சட்டத்தை மீறின என்று எழுதியிருக்கிறேன். சரியா? (எல்.எல்.எம். மாணவர், சேலம்)

தவறு. 2021 ஜனவரி வரை, செலவு செய்யாவிட்டால் இயக்குநர் குழு அறிக்கையில் காரணம் சொன்னால் போதும். செலவழிக்காத மிச்சத் தொகையைக் குறிப்பிட்ட நிதிக்கோ கணக்குக்கோ மாற்றும் கடமையும் அபராதமும் அதற்குப் பிறகு வந்தவை. முதல் பதிலில் சொன்னதுதான்: அந்தத் தேதியில் அமலில் இருந்த வாசகத்தைப் பாருங்கள்.

கேள்வி: பொதுமக்களிடம் போகாமல் தனிப்பட்ட முறையில் பங்கு ஒதுக்க 50 பேர் வரம்பா, 200 பேரா? (விரிவுரையாளர், நெல்லை)

1956 சட்டத்தில் 50; இப்போது பிரிவு 42-இன்கீழ் ஒரு நிதியாண்டில் 200. பொதுமக்களிடமிருந்து பணம் திரட்டிய சஹாரா குழும வழக்கில் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது பழைய 50-ஐ வைத்து. வகுப்பில் 200 என்று சொல்லி சஹாராவை விளக்கினால் மாணவர்கள் குழம்பிப்போவார்கள்.

கேள்வி: சிறுபான்மைப் பங்குதாரர் வழக்குத் தொடுக்க 10 சதவீதப் பங்கு வேண்டும். அது ஈக்விட்டி (சாதாரணப் பங்கு) மட்டுமா? (வழக்கறிஞர், புதுச்சேரி)

இல்லை, வெளியிட்ட மொத்தப் பங்கு மூலதனம். பிரிஃபரன்ஸ் (முன்னுரிமை) பங்கும் சேரும். டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரி தரப்பு நிறுவனங்களிடம் டாடா சன்ஸ் ஈக்விட்டியில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்தும், மொத்த மூலதனத்தில் அது இரண்டு, மூன்று சதவீதமாகச் சுருங்கியது. 2017-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் விலக்கு தந்த பிறகே அவர்களது மனு விசாரணைக்குப் போனது. நூறு உறுப்பினர் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது என்ற மாற்று வழியும் உண்டு. குடும்பக் கம்பெனிகளுக்குப் பெரும்பாலும் அதுதான் கைகொடுக்கும்.