அண்ணனுக்கு ஸ்டெம் செல் கொடுக்கப் போகிறேன். என் உடம்பு தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு குழந்தைகள். என் அண்ணனுக்கு ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய். கீமோவில் நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று சென்னையில் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) மாற்று சிகிச்சைக்குச் சொல்லியிருக்கிறார்கள். உடன்பிறந்தவர்களில் எனக்கு மட்டும் எச்.எல்.ஏ. என்ற திசு வகை முழுதாகப் பொருந்தியிருக்கிறது. என் எடை 52 கிலோ, ஹீமோகுளோபின் 10.4. "முதுகெலும்பில் ஓட்டை போடுவார்கள், அப்புறம் குனிந்து நிமிர முடியாது" என்று என் மாமியார் பயப்படுகிறார். இந்த நோய் எனக்கும் வருமா? என்ன சாப்பிட வேண்டும்? அண்ணன் பி பாசிடிவ், நான் ஓ பாசிடிவ். பரவாயில்லையா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். முதுகுத்தண்டை யாரும் தொடப் போவதில்லை. எலும்பு மஜ்ஜையாக எடுத்தாலும்கூட மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். பெரியவர்களுக்கு இப்போது பெரும்பாலும் அதுவும் கிடையாது. கை நரம்பு வழியாக ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்துவிடுகிறார்கள். ஏதோ புதுச் சோதனை என்றும் அவர் நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். மாற்று சிகிச்சைக்குச் சில நாள் முன்பு அண்ணனுக்கு மிகக் கடுமையான கீமோ கொடுப்பார்கள். அதில் அவருடைய மஜ்ஜை ஏறக்குறைய அழிந்துவிடும். அதன் பிறகு உங்கள் செல் உள்ளே போகாவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து. ஆகவே தயக்கம், பயம், வீட்டில் எதிர்ப்பு எதுவானாலும் அந்தக் கீமோ தொடங்குவதற்கு முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். அதுவரை 'முடியாது' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. நம் குடும்பங்களில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பொருந்திவிட்டது என்றதும் எல்லாம் முடிவானதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்லாமல் வேறொரு டாக்டர் உங்களைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, ஈ.சி.ஜி., கல்லீரல், சிறுநீரகம், கர்ப்பப் பரிசோதனை எல்லாம் செய்வார்கள். அந்த முடிவுகளை முதலில் உங்களிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் 10.4 கொஞ்சம் குறைவுதான். 'இரும்புச்சத்து குறைவு' என்று நாமாக முடிவு கட்டாமல் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் மரபணு இருக்கிறதா என்பதையும் பார்ப்பது நல்லது. மாதவிலக்கில் அதிகம் போகிறதா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்துதான் குறைவென்றால் மாத்திரையை இப்போதே தொடங்க வேண்டும், ஏனெனில் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். டீ, காபியோடும் கால்சிய மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை, மாதுளை தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஸ்டெம் செல்லைக் கூட்டுவதற்கென்று தனி உணவு எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது பொடியோ லேகியமோ விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்று: அண்ணனுக்கு ரத்தமோ தட்டணுவோ தேவைப்பட்டால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் கொடுக்க முன்வர வேண்டாம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் உங்கள் அணுக்களை எதிரியாக அடையாளம் காண அவர் உடம்பு முன்கூட்டியே பழகிவிடலாம். பிறகு நீங்கள் தரும் ஸ்டெம் செல் அவர் உடம்பில் வேர் பிடிக்காமல் போகும் அபாயம் கூடும். வெளியாரின் ரத்தமே நல்லது.

இனி உங்களுக்கு நடக்கப்போவது. ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசியை நான்கைந்து நாள் தோலுக்கடியில் போடுவார்கள். மஜ்ஜையிலிருக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்கு வரவழைப்பது அதன் வேலை. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. உங்கள் எடைக்கு 520 வருகிறது. ஊசி பெரும்பாலும் 300 அளவில் கிடைப்பதால் தினம் இரண்டு குத்து இருக்கலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இடுப்பு, முதுகு, தொடை எலும்பெல்லாம் காய்ச்சலில் வலிப்பதுபோல வலிக்கும். தலைவலியும் வரலாம். பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம். அந்த நாட்களில் மண்ணீரல் சற்று வீங்கும் என்பதால் கனமான குடம் தூக்குவது, பைக்கில் குலுங்கிப் போவது கூடாது. இடது விலாவுக்குக் கீழே கூர்மையாக வலித்தால், அது இடது தோளுக்குப் பரவினால், நடுராத்திரி என்றாலும் உடனே போன் செய்யுங்கள். மிக அரிது, ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாதது.

அப்போது எடுக்கும் ரிப்போர்ட்டில் வெள்ளணு 40,000, 50,000 என்று இருக்கும். அண்ணனின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பகீரென்றிருக்கும். ஊசியால் வரும் தற்காலிக ஏற்றம்தான் அது, நிறுத்திய சில நாட்களில் இறங்கிவிடும். செல் கொடுப்பதால் உங்களுக்கு இந்த நோய் வராது. இந்த ஊசி போட்டுக்கொண்ட கொடையாளர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் ரத்தப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மெஷினில் படுக்க வைப்பார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போகும், ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு மீதியை மறு கையில் ஏற்றும். நாலிலிருந்து ஆறு மணி நேரம். இரண்டு கையையும் மடக்க முடியாது. மூக்கு அரித்தால் சொறியக்கூட பக்கத்தில் ஆள் வேண்டும். எனவே பாத்ரூம் போய்விட்டு வாருங்கள், தளர்ந்த அரைக்கை உடை போடுங்கள், காலையில் பூரி, வடை தவிர்த்து இட்லியும் பாலும் போதும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைக்கும். உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். கை நரம்பு மெலிதாக இருந்தால் கழுத்திலோ தொடை மடிப்பிலோ குழாய் போட வேண்டி வரலாம். நரம்பை முன்னதாகவே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

எவ்வளவு எடுப்பது என்பது அண்ணனின் எடையைப் பொறுத்தது. கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல், முடிந்தால் 40-50 லட்சம். அவர் உங்களைவிட கனமானவர் என்றால் மறுநாளும் ஒருமுறை படுக்க நேரலாம். அது உங்கள் குறையல்ல.

ரத்த வகை வேறாக இருப்பது தடையில்லை, எச்.எல்.ஏ.தான் முக்கியம். உங்கள் செல் வேர் பிடித்ததும் நாளடைவில் அண்ணனே ஓ பாசிடிவ் ஆகிவிடுவார். பழைய ரத்த வகை அட்டையை அவர் பையில் வைத்திருக்க விடாதீர்கள்.

கொடுத்த பிறகு தட்டணு கொஞ்சம் குறைந்து ஓரிரு வாரத்தில் ஏறும். பெரும்பாலோர் சில நாட்களிலேயே வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் ஒருமுறை, ஒரு மாதத்தில் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அண்ணனுக்கு நோய் தலைகாட்டினால் உங்கள் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களைக் கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் போன் வரலாம். அதற்கும் சம்மதமா என்பதை இப்போதே அவர்களிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.