எச்.ஐ.வி சிகிச்சை பாதியில் நிற்பது ஏன்? கேள்வி பதில்

அட்லாண்டாவில் ஒரு எச்.ஐ.வி கிளினிக்கில் நோயாளிகளுக்கு வழிகாட்டியாகப் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே வந்த கறுப்பினப் பெண்களைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

நர்சிங் மாணவி, மதுரை: அமெரிக்காவில் மருந்துக்குக் குறைவில்லையே, பிறகு ஏன் வருவதை நிறுத்துகிறார்கள்?

மருந்து இருக்கிறது. 1990-இல் வந்த ரயன் வைட் சட்டத்தால் வசதியில்லாதவர்களுக்கும் கிடைக்கிறது. ஆனால் மணிக்கூலிக்கு வேலை செய்பவள் கிளினிக்குக்கு வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. இரண்டு பஸ் மாற வேண்டும், கைக்குழந்தையை யாரிடமாவது விட வேண்டும். காத்திருக்கும் இடத்தில் சர்ச்சில் பார்த்த முகம் ஒன்று இருந்தால், வாசலோடு திரும்பிவிடுவாள். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. பிள்ளைகள், வயதான அம்மா, வீட்டுக்காரர் எல்லாரையும் கவனித்த பிறகுதான் தன் உடம்பு. அதனால் "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். "வருவதற்கு என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள்.

டல்லாஸ் வாசகர்: ஒழுக்கம் சரியில்லாததுதானே காரணம்?

இல்லை. அமெரிக்கப் பெண்களில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். பெண்களிடம் புதிதாகக் கண்டறியப்படும் தொற்றிலோ ஏறக்குறைய பாதி அவர்களுடையது. சுற்றியிருப்பவர்களில் தொற்று அதிகமாக, சிகிச்சை குறைவாக இருந்தால், ஒரே துணையோடு வாழ்பவளுக்கும் அது வரும்.

அதே வாசகர்: டாக்டர்களை நம்பாததற்கு டஸ்கிகி, டஸ்கிகி என்கிறார்களே, 1972-இல் முடிந்த கதை அல்லவா?

முடிந்தது சோதனை மட்டும்தான். அலபாமாவின் டஸ்கிகியில் 1932 முதல் 40 வருடம், சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த கறுப்பின ஆண்களை அரசு சுகாதாரத் துறையே சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டிருந்தது. அதைக் குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. மனைவிகளுக்கும் தொற்றியது. அவர்களின் பேத்திகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டதே 1997-இல்தான்.

சென்னை வாசகி: அதையே சாக்காகச் சொல்லலாமா? டல்லாஸ்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சாக்கு இல்லை அம்மா. அவநம்பிக்கைக்குத் தீனி போடுவது பழைய கதை மட்டுமல்ல. 1993 வரை எய்ட்ஸ் வரையறையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிடையாது. அதனால் நோய் முற்றிய பெண்கள் பலர் கணக்கில் வரவில்லை, உதவித்தொகையும் கிடைக்கவில்லை. போன வாரம் வலி என்று சொன்னபோது டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காததும் இதில் சேரும். நம்பிக்கையை உண்டாக்குவது கிளினிக்கின் வேலை. எங்களிடம், அதே தொற்றோடு வாழும் இன்னொரு பெண் போன் செய்து பேசிய பிறகு திரும்பி வந்தவர்கள் நிறைய.

ஹூஸ்டன் வாசகர்: பழக்கவழக்கம்தானே...

மேலே பதில் சொல்லியாயிற்று. தயவுசெய்து படியுங்கள்.

பெயர் வேண்டாம்: சிகிச்சையில் இருப்பவரிடமிருந்து துணைக்குத் தொற்றுமா?

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 200-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால், உடலுறவில் தொற்றாது. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டெட்ராய்ட் வாசகி: ஊசி வந்துவிட்டதாமே?

2021 முதல் இருக்கிறது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டியவளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் தேதி தவறினால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடலாம். பஸ் பிரச்சினையை ஊசி தீர்க்காது. மறுபடியும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திருச்சி வாசகர்: என் சித்தி பையனுக்கு...

எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தில் மருந்து இலவசம். இந்த வாரமே கூட்டிப்போங்கள்.

நர்சிங் மாணவி: நான் நாளைக்கே என்ன செய்யலாம்?

வராண்டாவில் நின்று நோயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். ஒரு மாதம் வராதவர் திரும்பி வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள்.