க்ளோக் ரூமுக்குப் பதில் ஸ்மார்ட் லாக்கர்: கேள்வி பதில்

நைட் கிளப்களுக்கும் இசை அரங்குகளுக்கும் லாக்கர் பொருத்தித் தரும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் கோட்டையும் பையையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுக்கும் க்ளோக் ரூம் கவுண்டருக்குள் பல வருடம் நின்றவள். “இனி கவுண்டரில் ஆளே வேண்டாம், வாடிக்கையாளரே ஸ்மார்ட் லாக்கரில் பூட்டி வைத்து, குறியீடு போட்டு எடுத்துக்கொள்வார்” என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். இது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் கிளப்பில் கவுண்டருக்கு மூன்று பேர். லாக்கர் வைத்தால் மூன்று பேரும் வேண்டாம், வரிசையும் இருக்காது என்கிறார் விற்க வந்தவர். நம்பலாமா?

பாதி நம்பலாம். உள்ளே வரும் நேரத்தில் வரிசை குறையும்தான். ஆனால் வருகிறவர்கள் விட்டு விட்டு வருவார்கள், போகும்போது அப்படிப் போகமாட்டார்கள். பாட்டு நின்று விளக்கு எரிந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோட் வேண்டும். க்ளோக் ரூமைச் சோதிப்பது அந்தக் கடைசி அரை மணி நேரம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசியில் 300 பேர் பொருளை எடுக்க வருகிறார்கள் என்று வையுங்கள். பழகிய ஆள் டோக்கனை வாங்கி, கோட் மாட்டும் கம்பியில் தேடி, கோட்டைக் கையில் கொடுக்க 15 வினாடி. மூன்று பேர் சேர்ந்தால் நிமிடத்துக்கு 12 பேர். 25 நிமிடத்தில் முடிந்துவிடும். இப்போது லாக்கர். மொத்த வரிசைக்கும் ஒரே ஒரு தொடுதிரை. அரைத் தூக்கத்தில், அரை போதையில் இருக்கும் ஒருவர் எண்ணைத் தட்டி, கதவு திறந்து, விலகிப் போக 20 வினாடி. அதாவது நிமிடத்துக்கு மூன்று பேர். 300 பேருக்கு 100 நிமிடம்! நான்கு திரை வைத்தால்தான் பழைய கவுண்டர் வேகத்தையே எட்ட முடியும்.

நண்பர்கள் இரண்டு பேர் ஒரு லாக்கரைப் பகிர்ந்துகொண்டால் இது பாதியாகும், உண்மைதான். அதை நம்பித் திரையைக் குறைக்காதீர்கள். திரையே இல்லாமல் ஒவ்வொரு கதவிலும் எண்ணைத் தட்டும் பொத்தான்கள் இருக்கும் வகை, அல்லது மணிக்கட்டில் கட்டிய ரிஸ்ட்பேண்டைக் காட்டினால் திறக்கும் வகை இந்த இடத்தில் நன்றாக வேலை செய்யும். விலை கூடும். விலைப்பட்டியலோடு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “மூடும் நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை கதவு திறக்கும்?” பதில் சொல்லத் தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: இடம் போதுமா, அக்கா? இப்போது இருக்கும் அறையிலேயே அடக்கிவிடலாம் என்று முதலாளி நினைக்கிறார்.

பெரும்பாலும் அடங்காது. ஐந்து மீட்டர் சுவரை எடுத்துக்கொள்வோம். 30 செ.மீ. அகலமுள்ள லாக்கர் என்றால் 16 அடுக்கு பக்கம் பக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு கதவு வைத்தால் 32, மூன்று வைத்தால் 48. அதே நீளத்தில் கம்பி போட்டு மீட்டருக்குப் பத்துக் கோட் மாட்டினாலும் 50 வந்துவிடும், மேலும் கீழும் இரண்டு கம்பி என்றால் 100. கம்பியை ஒன்றன் பின் ஒன்றாக நெருக்கி வைக்கலாம், ஏனென்றால் நடுவில் நுழைவது ஊழியர் மட்டும்தான். லாக்கருக்கு முன்னால் வாடிக்கையாளர் நிற்க வேண்டும், அவருக்குப் பின்னால் இன்னொருவர் நடக்க வேண்டும். கீழ்க் கதவுக்குக் குனிந்திருப்பவர் தலைமேல் மேல் கதவு திறக்கும் காட்சியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மொத்தத்தையும் ஒரே அறைக்குள் திணிக்காமல் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வையுங்கள். கூட்டமும் பிரியும். ஆனால் அவசர வழியை ஒரு அங்குலம்கூடக் குறுக்கக் கூடாது. தீயணைப்புத் துறையின் அனுமதியை வாங்கிய பிறகு பொருத்துங்கள்.

கேள்வி: கதவைத் திறக்க க்யூஆர் கோடு போனில் வருமாம். போன் அணைந்துவிட்டால்?

அணையும். இரவு முழுக்க வீடியோ எடுத்த போன் அது. போனை மட்டுமே நம்பும் அமைப்பை வாங்கவே வாங்காதீர்கள். எண் குறியீடோ ரிஸ்ட்பேண்டோ இன்னொரு வழியாக இருக்கட்டும்.

கேள்வி: நான்கு இலக்க பின் நம்பர் போதுமா?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி. நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள். தொடுதிரை லாக்கர் எண்ணைக் கேட்காமல் பின்னை மட்டும் கேட்கிறது, உள்ளே 300 லாக்கர் நிரம்பியிருக்கிறது என்றால், வாய்க்கு வந்த ஏதோ ஒரு எண்ணைத் தட்டினாலும் யாருடைய கதவாவது திறக்க நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. சும்மா விளையாட்டுக்கு முப்பது, நாற்பது முறை தட்டுகிறவன் கையில் இன்னொருவர் கோட் கிடைத்துவிட வாய்ப்பு அதிகம். லாக்கர் எண்ணையும் சேர்த்துக் கேட்கும்படி செய்யுங்கள், அல்லது ஆறு இலக்கமாக்குங்கள். தொடர்ந்து தவறாகத் தட்டினால் கொஞ்ச நேரம் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். பின்னை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் 1234, 0000 போன்றவற்றை மறுத்துவிட வேண்டும்.

கேள்வி: மின்சாரம் போனால் எல்லாக் கதவும் திறந்துகொள்ளுமா?

இல்லை. இந்தப் பூட்டுகளில் பெரும்பாலானவை திறப்பதற்குத்தான் மின்சாரம் கேட்கும். மின்சாரம் இல்லையென்றால் பூட்டியபடியே நிற்கும். அதனால் பயப்பட வேண்டியது திருட்டுக்கு அல்ல, 300 பேர் குளிரில் கோட் இல்லாமல் நிற்பதற்கு. யுபிஎஸ் வேண்டும், இணையம் அறுந்தாலும் அங்கேயே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தானாக வேலை செய்ய வேண்டும், கடைசிக்கு மாஸ்டர் சாவி வேண்டும். அந்தச் சாவி மேலாளர் வீட்டு அலமாரியில் இருந்து பிரயோஜனமில்லை.

கேள்வி: எங்களிடம் ஏற்கெனவே லாக்கர் இருக்கிறது. “சரியான பின் போட்டேன், திறக்கவில்லை” என்று ஒவ்வொரு வாரமும் சண்டை. சாஃப்ட்வேர் கோளாறா?

சாஃப்ட்வேர் அல்ல, கோட். இரண்டு பேருடைய தடித்த கோட்டையும் ஒரே பெட்டிக்குள் அமுக்கி, முழங்காலால் தள்ளிப் பூட்டியிருப்பார்கள். உள்ளே துணி கதவை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் முழுவதும் பூட்டின் நாக்கின் மேல் விழும். பின் போட்டதும் பூட்டுக்குள் இருக்கும் மின்காந்தச் சுருள் ஒரு நொடி இழுக்கும். அந்தப் பிடியை விடுவிக்க அதற்கு வலு போதாது. ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வரும்.

உள்ளங்கையைப் பூட்டு இருக்கும் பக்கத்தில் வைத்து கதவை உள்ளே அமுக்குங்கள். அமுக்கியபடியே இன்னொருவரைப் பின் போடச் சொல்லுங்கள். நாக்கின் மேலிருந்த பாரம் போய்விடும், கதவு பட்டென்று திறந்துகொள்ளும். உங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதைச் செய்து காட்டிவிடுங்கள், பாதிச் சண்டை நின்றுவிடும். திரும்பத் திரும்பப் பின்னைத் தட்டிக்கொண்டே இருந்தால் சுருள் சூடேறிப் பழுதாகும். அப்புறம் நிஜமாகவே திறக்காது. ஸ்குரூடிரைவர் கொண்டு நெம்புகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கேள்வி: நான் பத்து வருடமாக க்ளோக் ரூமில்தான் வேலை செய்கிறேன். மேடம், நேராகவே கேட்கிறேன், எங்கள் வேலை போய்விடுமா?

சில வேலைகள் போகும். இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால் ஆளே இல்லாமல் ஓட்டலாம் என்று கிளம்பிய இடங்களில் மறுபடி ஒருவரை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன். பின்னை மறந்தவர், சிக்கிய கதவு, “என் லாக்கர் எங்கே?” என்று சுற்றி வருகிறவர் என்று இரவு முழுக்க யாராவது வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. கவுண்டரில் நிற்கிறவர் கோட்டோடு ஆளையும் பார்க்கிறார். ஒருமுறை என் கவுண்டருக்கு ஒருவன் வந்தான். அவன் தோளில் சாய்ந்தபடி ஒரு பெண், கண்ணைத் திறக்கவே முடியவில்லை. “இவள் கோட்டையும் கொடுங்கள், நான் வீட்டில் விட்டுவிடுகிறேன்” என்றான். அந்தப் பெண் அன்று வேறு இரண்டு பெண்களோடு வந்தது எனக்கு நினைவிருந்தது, மூன்று கோட்டையும் அடுத்தடுத்த ஹேங்கரில் மாட்டியதே நான்தான். கோட்டைத் தேடுவது போலத் தாமதித்துக்கொண்டே காவலாளியைக் கூப்பிட்டேன். தோழிகள் வந்தார்கள், அவன் நழுவிவிட்டான். குறியீட்டைத் தட்டுவது யார் என்பது லாக்கருக்குத் தெரியாது, குறியீடு சரியா என்பது மட்டும்தான் தெரியும்.

உங்கள் மேலாளரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். கவுண்டருக்குப் பின்னால் நிற்பதற்குப் பதில் லாக்கர்களுக்கு நடுவே நடக்கும் வேலையாக அது மாறலாம். டிப்ஸ் குறையும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சம்பளம் பேசும்போது அதைக் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: பொருள் காணாமல் போனால் யார் பொறுப்பு?

ஆள் கையில் வாங்கிக்கொள்வதும், பூட்டக்கூடிய ஒரு பெட்டியை வாடகைக்குக் கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் பொதுவாக வேறு வேறு. முதலாவதில் பொருளைப் பாதுகாக்கும் கடமை உங்கள் மேல் விழுகிறது. இரண்டாவதில் அது குறையலாம், இல்லாமலே போய்விடாது. பூட்டு பழுதென்று தெரிந்தும் விட்டிருந்தால் நிச்சயம் உங்கள் தலையில்தான் விடியும். “நிர்வாகம் பொறுப்பல்ல” என்று பலகை மாட்டினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையும் காப்பீட்டுக்காரரையும் முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: போதைப்பொருளையோ ஆயுதத்தையோ உள்ளே ஒளித்து வைத்தால்?

வைப்பார்கள். இரவு முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் திறக்கலாம் என்பது லாக்கரின் பெரிய வசதி, இதற்கும் அதே வசதிதான் உதவுகிறது. பை சோதனை லாக்கருக்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் அல்ல. தேவைப்பட்டால் நிர்வாகம் திறந்து பார்க்கும் என்பது வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் நிபந்தனையில் இருக்கட்டும், திறக்கும்போது இரண்டு ஊழியர் உடனிருக்கட்டும். எந்தக் கதவு எப்போது திறந்தது என்று இயந்திரம் பதிவு வைத்திருக்கும். ஒரே லாக்கர் ஒரு மணி நேரத்தில் பதினைந்து முறை திறந்தால் எட்டிப் பாருங்கள்.

கேள்வி: லாக்கருக்குள்ளேயே போன் சார்ஜ் போடும் வசதி தருகிறார்களே?

எனக்குப் பிடிக்காது. யார் கொண்டு வந்த பவர் பேங்க், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல், துணி நிரம்பிய பெட்டிக்குள் பூட்டி, நம் மின்சாரத்தையும் கொடுப்பதா? லித்தியம் பேட்டரி சூடேறினால் வெளியே புகை வரும்வரை யாருக்கும் தெரியாது. சார்ஜ் வசதியை பார் பக்கம், கண் படும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு?

தரையிலிருந்து சுமார் 40 முதல் 120 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் கதவுகளில் சிலவற்றை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். திரையும் அந்த உயரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: எங்களுடையது 120 பேர் நிற்கும் சின்ன இடம். மாற்றலாமா?

வேண்டாம். ஒரு கம்பி, நல்ல டோக்கன், சுறுசுறுப்பான ஒரு ஆள். போதும்.

கேள்வி: அடுத்த வாரம் நிறுவனத்தார் இயந்திரத்தைக் காட்ட வருகிறார்கள். என்ன பார்க்க வேண்டும்?

அவர்கள் மெல்லிய ஜாக்கெட் ஒன்றை மாட்டிக் காட்டுவார்கள். நீங்கள் இருப்பதிலேயே தடித்த கோட், ஹெல்மெட், முதுகுப்பை எல்லாம் கொண்டு போங்கள். கோட்டை நனைத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது, காற்றுத் துளையும் நீர் வடிய வழியும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பெட்டியைப் பிதுங்கப் பிதுங்க அடைத்துவிட்டுப் பின் போடுங்கள். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை போடுங்கள். அரங்கத்து விளக்கை அணைத்துவிட்டு, திரையில் எழுத்து தெரிகிறதா, கதவு எண் தெரிகிறதா என்று பாருங்கள்.

போன் நம்பர் வாங்கினால் அதை எப்போது அழிக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசியாக, ஒப்பந்தத்தில் இருக்கும் அவசர எண்ணை வாங்கி, அன்றைக்கே விடியற்காலை மூன்று மணிக்கு அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்கவில்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம்.