சாரதி ஒரு பஸ்ஸா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகன் கணினிப் படிப்பை விட்டு சீமா என்ற கணக்கியல் படிப்புக்கு மாறட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாடத்தில் புள்ளி குறைந்ததற்காக மாறவேண்டாம். கணக்கியலில் அவருக்கு ஆசை இருந்தால் வேறு கதை. அப்படி ஒரு வார்த்தைகூட அவர் என்னிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மடிக்கணினியோடு வந்தார். பொருள்நோக்கு நிரலாக்கம் என்ற அந்தப் பாடத்தின் அடிப்படைச் சொற்களான கிளாஸ், இன்ஸ்டன்ஸ், மரபுரிமை மூன்றுக்கும் வரைவிலக்கணம் கேட்டேன். தடங்கலில்லாமல் ஒப்பித்தார். "காலி வீதியில் இப்போது போன பஸ் கிளாஸா, இன்ஸ்டன்ஸா?" என்றதும் மௌனம். பாடநூல்கள் கிளாஸை வகுப்பு என்கின்றன. ரியூஷன் வகுப்புக்கு ஓடியே வளர்ந்த பிள்ளைகளை அந்தச் சொல் படுத்தும் பாடு கொஞ்சமில்லை.

ஒரு பஸ்ஸுக்கு இலக்கத்தகடு உண்டு, இருக்கைகள் உண்டு, ஆள் ஏற்றும், டிக்கெட் கொடுக்கும் என்று எழுதிவைத்த விவரம்தான் கிளாஸ். அதில் ஏறி யாரும் புறக்கோட்டைக்குப் போகமுடியாது. அதைக் கொண்டு உண்டாக்கிய ஒவ்வொரு பஸ்ஸும் ஓர் இன்ஸ்டன்ஸ். ஒவ்வொன்றுக்கும் சொந்தத் தகடு, சொந்தக் கூட்டம்.

மகன் பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒருவரை ஏற்றினால், 138ஆம் இலக்க பஸ்ஸிலும் ஓர் ஆள் கூடினார். இரண்டு நாள் இதோடு மல்லுக்கட்டி, தனக்கு மூளையே இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். பார்த்தேன். பயணிகள் பட்டியலை கிளாஸின் உடம்பிலேயே நேராக எழுதியிருந்தார். ஆகவே இருந்தது ஒரே பட்டியல். எல்லா பஸ்களும் அதையே பங்குபோட்டன. இனிட் என்ற தொடக்கச் செயற்பாட்டுக்குள் அதைக் கொண்டுபோய், முன்னால் 'இந்த பஸ்ஸினுடையது' என்று குறிக்கும் செல்ஃப் சேர்த்தோம். இடம் மாறியது ஒரு வரிதான், பஸ்ஸுக்கொரு பட்டியல் வந்துவிட்டது. வேலை பார்ப்பவர்களும் விழுந்தெழும்பும் குழி இது. மனப்பாடம் செய்த வரைவிலக்கணத்தைவிட இந்தப் பிழை அவருக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

மரபுரிமை என்றதும் உங்களுக்குக் காணி உறுதி நினைவுக்கு வரலாம். இங்கே பிள்ளைக்குக் கொடுத்ததால் தாய் கிளாஸ் எதையும் இழப்பதில்லை. வாகனம் என்ற கிளாஸில் இலக்கத்தகடும் வேகமும் இருந்தால், பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் அவற்றை மறுபடி எழுதாமலே பெறும். கட்டணத்தை மட்டும் பஸ்ஸுக்குத் தரிப்புக் கணக்கிலும் முச்சக்கர வண்டிக்கு மீட்டர் கணக்கிலும் மாற்றி எழுதலாம். நோர்வேயின் ஒஸ்லோவில் கணினி அறிஞர்கள் ஓலே-யொஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா 67 என்ற கணினி மொழிக்காக இதை யோசித்தபோது எடுத்துக்கொண்ட உதாரணமும் பாலத்துச் சுங்கச் சாவடியில் வரிசையாக நிற்கும் லொறிகளும் பஸ்களும்தான்.

மகனோ சாரதியையும் பஸ்ஸின் பிள்ளையாக்கி வைத்திருந்தார். பஸ் என்றால் சாரதி வேண்டுமே என்பது அவர் நியாயம். "சாரதி ஒரு பஸ்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். சொன்னார், சிரித்துவிட்டார். "முச்சக்கர வண்டி ஒரு வாகனம்" என்பது காதுக்குச் சரியாகப் படுகிறது. அப்படிச் சொல்லமுடிந்தால்தான் மரபுரிமை. சாரதி தனியான ஒரு பொருள். அவரை பஸ்ஸுக்குள் உட்காரவைத்தால் போதும்.

பயிலுநர் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் இந்தக் கேள்விகள் அடிக்கடி வரும். ஒப்பிப்பவர் இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடுவார். ஆகவே இரவுச் சாப்பாட்டின்போது புள்ளி எத்தனை என்று கேட்காமல், உங்கள் சமையலறைப் பாத்திரங்களை வைத்து இதை விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே சொல்லுங்கள், அவர் இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்கான நிரல் ஒன்றோடு வரச் சொல்லியிருக்கிறேன். புத்தகம், சஞ்சிகை, இரவல் வாங்குபவர் என எது எதன் கீழ் வரும் என்று முதலில் கடதாசியில் வரைந்துகொண்டு வரவேண்டும். அதுவரை அந்த சீமா விண்ணப்பம் மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும்.