நிற்க வேண்டும், எங்கே நிற்பது?

கேள்வி: என் மகள் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். இரவு வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டி வருகிறாள். பொலிஸ் அடையாளம் இல்லாத கார் பின்னால் வந்து நிறுத்தச் சொன்னால் நிற்கவே கூடாது, 112-ஐ அழுத்தினால் உண்மையான பொலிஸ் வந்து காப்பாற்றும் என்று வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். பொலிஸ்காரன் ஒருவன் கடத்திக் கொன்ற சேரா எவரார்டுக்கு நடந்ததை அறிந்த நாளிலிருந்து அவள் வந்து சேரும்வரை எனக்கு நித்திரை இல்லை. இரவு வேலையை விடச் சொல்லலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தந்தை, ஹாரோ, லண்டன்

பதில்: அந்தச் செய்தியை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் எல்லோருக்கும் ‘அது பிழை’ என்று இன்றைக்கே எழுதுங்கள். பிழை மட்டுமல்ல, உங்கள் மகளை ஆபத்தில் மாட்டிவிடக்கூடியது.

அது அமெரிக்காவிலிருந்து கிளம்பிய கதை. இருபது வருடங்களுக்கு மேலாக ஊர் ஊராகச் சுற்றுகிறது. கல்லூரிப் பெண் ஒருத்தி கார் ஓட்டிப் போகிறாள். பின்னால் விளக்கைச் சுழற்றிக்கொண்டு அடையாளமில்லாத கார் வருகிறது. அவள் 112-ஐ அழைக்கிறாள். ‘எங்கள் ஆள் யாரும் அங்கே இல்லை, நிற்காமல் ஓட்டு’ என்கிறார்கள். சற்று நேரத்தில் நான்கு பொலிஸ் கார்கள் வந்து சுற்றி வளைத்துக் கெட்டவனைப் பிடித்துவிடுகின்றன. நாடு மாறும்போது இலக்கமும் மாறும், ஒரு நாட்டில் 112, இன்னொன்றில் வேறு ஏதோ. கதை மட்டும் மாறாது.

பிரித்தானியாவில் 112-க்குத் தனி மகிமை ஒன்றும் கிடையாது. லண்டனில் 1937-இல் தொடங்கிய 999 எங்கே போகிறதோ, அங்கேதான் 112-உம் போகிறது. ஐரோப்பா முழுவதற்கும் ஒரே அவசர இலக்கம் வேண்டும் என்று 1991-இல் எடுத்த முடிவால் வந்தது அது, அவ்வளவுதான். எதை அழுத்தினாலும் அதே ஓப்பரேட்டர், அதே கேள்வி: பொலிஸா, ஆம்புலன்ஸா, தீயணைப்பா?

இலக்கத்தால் கெடுதல் இல்லை. ‘நிற்கவே கூடாது’ என்பதுதான் கெடுதல். இந்த நாட்டில் அடையாளமில்லாத பொலிஸ் கார்கள் நிஜமாகவே ஓடுகின்றன, வாகனங்களை மறிக்கவும் செய்கின்றன. முன் கிரில்லுக்குள் நீல விளக்கு ஒளிந்திருக்கும். சிலவற்றின் பின் கண்ணாடியில் எழுத்து ஒளிரும் பலகையும் உண்டு. நிற்கச் சொல்லியும் நிற்காமல் போவது 1988 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 163 ஆம் பிரிவின்படி குற்றம். உங்கள் மகள் ஒரு சைகையும் காட்டாமல் ஓட்டிக்கொண்டே போனால் ஓடித் தப்பப் பார்க்கிறாள் என்றே பொலிஸ் நினைக்கும். கதையில் கெட்டவனைச் சுற்றிய நான்கு கார்களும் அப்போது அவளைத்தான் சுற்றும்.

சரி, அதே 163 ஆம் பிரிவை இன்னொரு முறை வாசியுங்கள். ஓடும் வாகனத்தை நிறுத்தச் சொல்லும் பொலிஸ்காரர் சீருடையில் இருக்க வேண்டும் என்கிறது அது. கார் சாதாரண காராக இருக்கலாம், உள்ளே இருப்பவர் சாதாரண உடையில் இருக்கக் கூடாது. சோதனை போடுவதற்கான அதிகாரத்தை வகுத்த 1984 ஆம் ஆண்டுச் சட்டமும், சீருடையில் இல்லாத பொலிஸ்காரர் வாகனத்தை நிறுத்த முடியாது என்றே சொல்கிறது. ஜீன்ஸும் ஜாக்கெட்டுமாக ஒருவர் கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு ‘காரை ஓரம் கட்டு’ என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். மகளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான். நமது ஆட்களில் அனேகம் பேருக்கு இது தெரியாது.

ஆனால் இரவில் பின்னாலிருந்து ஹெட்லைட் கண்ணைக் கூசும்போது சீருடையா, சட்டையா என்று யாருக்குத் தெரியும்? நீல விளக்கும் அத்தாட்சி ஆகாது. கண்டவர்கள் அதைக் காரில் பூட்டக் கூடாது என்பது சட்டம், ஆனால் வாங்க நினைப்பவனுக்கு இணையத்தில் கிடைக்கும். ஆகவே வெளிச்சம் உள்ள இடம் வேண்டும். பொலிஸ் மறித்தால் ‘பாதுகாப்பாக நிறுத்த முடிந்தவுடன்’ நிறுத்த வேண்டும் என்கிறது வீதி விதிகளின் தொகுப்பான ஹைவே கோடின் 106 ஆம் விதி. அந்த வார்த்தைகளில் உங்கள் மகளுக்கு இடம் இருக்கிறது. வேகத்தைக் குறைக்கட்டும், ஹஸார்ட் விளக்கைப் போடட்டும், முடிந்தால் கையைக் காட்டி ‘கண்டுவிட்டேன்’ என்று உணர்த்தட்டும். அப்படியே மெதுவாக, ஆட்கள் நடமாடும் பெற்றோல் நிலையத்துக்கோ, திறந்திருக்கும் கடை வாசலுக்கோ போய் நிறுத்தட்டும். பக்கத்தில் இருப்பதாக இருக்கட்டும். ஹாரோவில் மறித்தால் வெம்பிளி வரை இழுத்துக்கொண்டு போனால் எந்தப் பொலிஸ்காரருக்கும் பொறுமை இருக்காது.

போகும்போதே 999. ‘பின்னால் ஒரு கார் விளக்குப் போட்டு நிறுத்தச் சொல்கிறது, இந்த ரோட்டில் போகிறேன், உங்கள் காரா?’ என்று கேட்டால் போதும். மற்ற நேரத்தில் ஒருவரைப் பற்றி விசாரிக்க, அவசரமில்லாத பொலிஸ் அழைப்புகளுக்கான 101 இருக்கிறது. கார் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும்போது அந்த வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. முன்னால் வந்து நிற்பவர் கொடுக்கும் இலக்கத்தை மட்டும் அழைக்கவே கூடாது. அவர் கூட்டாளிதான் எடுப்பான்.

போனைத் தொட்டால் லைசன்ஸ் போய்விடுமே என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது: ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் ஆறு புள்ளியும் 200 பவுண்ட் தண்டமும். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு ஆறு புள்ளி என்றால் லைசன்ஸே ரத்து. ஆனால் உண்மையான அவசரத்தில், நிறுத்துவது ஆபத்து என்ற நிலையில், 999 அல்லது 112-ஐ அழைப்பதற்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. இருந்தாலும் டாஷ்போர்டில் போனைப் பூட்டி வைத்துக் குரலால் அழைக்கப் பழகுவது நல்லது. கை நடுங்கும் நேரத்தில் இலக்கம் தேடுவது லேசில்லை. இன்னொன்று, மொபைலில் 999-ஐ அழைத்துவிட்டுப் பேச முடியாமல் போனால் 55-ஐ அழுத்த வேண்டும், அழைப்பு பொலிஸாருக்குப் போகும். 55-ஐ மட்டும் தனியாக அழுத்தினால் ஒன்றும் நடக்காது. வட்ஸ்அப் அதையும் திரித்து ஒரு கதை வைத்திருக்கிறது.

நிறுத்திய பிறகு கதவு பூட்டியே இருக்கட்டும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் காது கேட்கும். பெயர், தோளில் உள்ள இலக்கம், எந்தப் பொலிஸ் நிலையம், எதற்காக மறித்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். வோரண்ட் கார்டை, அதாவது பொலிஸ் அடையாள அட்டையை, கண்ணாடியில் பிடிக்கச் சொல்லலாம். உண்மையான பொலிஸ்காரர் முகத்தைச் சுளிப்பார், ஆனால் காட்டுவார். லைசன்ஸும் இன்சூரன்ஸும் கையில் இல்லையா? ஏழு நாளைக்குள் பொலிஸ் நிலையத்தில் காட்டலாம். இங்கே குடியிருக்கும் ஒருவரிடம் தண்டப் பணத்தை ரோட்டோரத்திலேயே காசாகக் கேட்டால் அவர் பொலிஸ் இல்லை. வேறு சோதனையே தேவையில்லை.

இனி உங்கள் நித்திரையைக் கெடுத்த சம்பவம். 2021 மார்ச் 3 இரவு தெற்கு லண்டனில் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார் சேரா எவரார்ட். வேய்ன் கௌசன்ஸ் வாடகைக் காரில் வந்து அவரை மறித்தான். அவன் போலிப் பொலிஸ் இல்லை, மெட்ரோபொலிட்டன் பொலிஸில் சம்பளம் வாங்கியவன். காட்டிய கார்டு உண்மை, மாட்டிய விலங்கும் உண்மை. காரில் அந்த வழியே போன ஒரு தம்பதியர் அதைப் பார்த்துவிட்டு, மஃப்டிப் பொலிஸ் யாரையோ கைது செய்கிறது என்று நினைத்துக் கடந்து போனார்கள். அன்றைக்கு அவனுக்கு அங்கே டியூட்டி இல்லை என்பது மட்டும்தான் பொய். அது கார்டில் எழுதியிருக்காது. கார்டைப் பார்ப்பதோடு நிற்காமல் 999 வழியாகப் பொலிஸ் கட்டுப்பாட்டு அறையைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

சாகும்வரை சிறை என்று செப்டம்பர் 30 அன்று அவனுக்குத் தீர்ப்பானது. உடனே பொலிஸ் தரப்பு பெண்களுக்குப் புத்தி சொன்னது: சந்தேகம் வந்தால் கத்துங்கள், யார் வீட்டுக் கதவையாவது தட்டுங்கள், பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துங்கள். தரிப்பிடத்தில் ஓடிவரும் கிழவிக்கே நிற்காத பஸ்ஸை, விலங்கு மாட்டிய பெண் எந்தக் கையால் நிறுத்துவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. வடக்கு யோர்க்ஷயரின் பொலிஸ் ஆணையாளராக இருந்த பிலிப் அலட் இன்னும் ஒரு படி மேலே போய், எப்போது கைது செய்யலாம், எப்போது கூடாது என்று பெண்கள் விவரம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்றார். ஊரே திரண்டு ஏசியது, அக்டோபரில் பதவியை விட்டார். அதே அக்டோபரில்தான் மெட் பொலிஸ் செய்ய வேண்டியதைச் செய்தது: சாதாரண உடையில் தனியாக இருக்கும் பொலிஸ்காரர் ஒரு பெண்ணை அணுகினால், சீருடையில் உள்ள சார்ஜனுடன் வீடியோ அழைப்பில் அவளைப் பேச வைத்துத் தன்னை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது, அவளுடையது இல்லை. நான் மேலே இவ்வளவு நீளத்துக்கு எழுதியதையும் அந்தக் கணக்கிலேயே வாசியுங்கள். இவை அவளுக்குத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாமல் போனாலோ, பதற்றத்தில் மறந்துபோனாலோ குற்றம் அவளுடையது ஆகாது.

வேலையை விடச் சொல்லலாமா என்கிறீர்கள். சொல்லக் கூடாது. இலங்கையில் நம்பர் பிளேட் இல்லாத வெள்ளை வேன் யாரையெல்லாம் கொண்டுபோனது என்று தெரிந்த தலைமுறை நாங்கள். அடையாளமில்லாத வாகனம் என்றாலே எங்களுக்கு வயிறு கலங்கும், அதை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே கேட்க ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கவில்லை, கேட்டால் கேட்டவரையும் தேடி வந்தார்கள். உங்கள் மகள் வளர்ந்தது இங்கே. ‘உங்கள் பெயர் என்ன, எந்த நிலையம்?’ என்று பொலிஸ்காரரைக் கேட்க அவளுக்கு எங்களைப் போல நா எழாமல் போகாது. முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் காரில் ஏறி, அவள் வரும் வழியில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் பெற்றோல் நிலையங்கள் எவை என்று பார்த்து வாருங்கள். ஓட்டுவது அவளாக இருக்கட்டும்.